உடம்பெல்லாம் நாக்கு

அம்சவல்லி வலது கையை முழங்கை வரை குளத்துக்குள் விட்டிருக்கிறாள். பார்வை மட்டும் எதிர்க்கரைக் கருவேல மரத்தின் மேல் நிற்கிறது. உள்ளங்கையில் ஒரு பிடி ஈரத் தீவனம். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் கலங்கிக் கிடப்பதால் உள்ளே போன கை வெளியே தெரியாது. அந்த இடத்தோடு கை முடிந்துபோனது போலிருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு அவளுடைய இடது புருவம் மெல்ல ஏறும். மீன்கள் வந்துவிட்டன என்று அர்த்தம். முதலில் மீசைகள் விரலிடுக்குகளில் நுழையும். அடுத்து வழுவழுப்பான விலா ஒன்று மணிக்கட்டை உரசித் திரும்பும். அதன் பின்னால் இன்னொன்று. "சத்தம் போடாதீங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பாள். பெரும்பாலும் அப்போது அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கேட்பது என்றுதான் இதற்கு அவள் பெயர் வைத்திருக்கிறாள். தீவனம் பிசைவதற்கு முன்னால் குளத்தைக் கேட்டுவிட்டு வர வேண்டும். அவள் புருஷன் இராஜாங்கம் டிராக்டர் ஓட்டுகிறவன், எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவன். "அப்படியே குழம்புக்கு உப்பு போதுமான்னும் அதுங்ககிட்ட கேட்டுட்டு வந்துடு" என்று கொல்லையிலிருந்து குரல் கொடுப்பான். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கிண்டலுக்கு அடியில் இருக்கும் காரணம் இரண்டு பேருக்கும் தெரியும்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி இருக்கிறது அவர்கள் வீடு. நாலு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். நடுவில் இந்தக் குளம் மட்டும் கறுப்பாக, சதுரமாக, பச்சைத் துணியில் விழுந்த சூட்டுத் தழும்பு போலக் கிடக்கிறது. உள்ளே நாட்டுக் கெளுத்தி. கம்பெனித் தீவன மூட்டை இந்தக் கரைக்கு வந்ததில்லை. தகரக் கொட்டகையில் அம்சவல்லியே பிசைந்து, முறுக்கு பிழிவது போல மெஷினில் விட்டு, தார்ப்பாயில் காயவைத்து எடுப்பதுதான் தீவனம். தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், குருணையைக் காய்ச்சிய கூழ், கடைசியில் மத்தி எண்ணெய். கொட்டகைக்குள் நுழைகிறவர்கள் முந்தானையையோ துண்டையோ மூக்கில் வைத்துக்கொள்வார்கள். பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகவே வரும்.

தீவனம் பற்றி அவளுக்கு ஒரு கோட்பாடு உண்டு. கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். "உடம்பு வளக்கறது கருவாட்டுத் தூளும் புண்ணாக்கும். அதை அடுப்பெரிக்கப் போட்டுடக் கூடாது. அடுப்புக்கு மாவும் எண்ணெயும், மாவுன்னா தவிடும் கூழும்தான். மாவு வெறகு மாதிரி, நின்னு எரியும். எண்ணெ குபீர்னு புடிக்கும். ரெண்டும் கம்மியாப் போனா மீனு தூளையே எடுத்து எரிச்சிக்கும், வளராது. கூடிப்போனா எரியாம மிச்சம் நிக்கும். மிச்சம் எங்க போவும்? உள்ளயே ஒட்டிக்கும்." சொல்லிவிட்டுத் தன் வயிற்றின் வலப்பக்கத்தை, ஈரல் இருக்கிற இடத்தைத் தட்டிக்காட்டுவாள். கல்லூரிப் பாடத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். அதற்காக அவளை மேதை என்று சொல்லிவிட வேண்டியதில்லை. கோட்பாடு சரியாக இருப்பவர்களும் தவறு செய்கிறார்கள். கோட்பாடு சரியாக இருப்பதாலேயே அந்தத் தவறு நெடுநாள் கண்ணில் படுவதில்லை.

கெளுத்தியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அதற்குச் செதில் கிடையாது. ருசி அறியும் மொட்டுகள் வாய்க்குள் மட்டுமல்லாமல் மீசையிலும் வயிற்றிலும் விலாவிலும் வால்வரையும் பரவியிருக்கின்றன. மனிதன் நாக்கை வாய்க்குள் வைத்திருப்பதால், வேண்டாதபோது வாயை மூடிக்கொள்ள முடிகிறது. கெளுத்திக்கு மூடுவதற்கு ஒன்றுமில்லை. நீந்துவதும் ருசிப்பதும் அதற்கு ஒரே காரியம். அப்படி ஆயிரக்கணக்கான நாக்குகள் இருட்டுத் தண்ணீரில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும் இடத்தைக் குளம் என்று சொல்வது நம் வசதிக்காகத்தான்.

அந்த இடத்துக்குள்தான் அம்சவல்லி தினமும் கையை விடுகிறாள்.

முன்பெல்லாம் அவள் கையை விட்டதில்லை. பிசைந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை சப்புக்கொட்டித் துப்புவாள். கூழ் கூடியிருந்தால் இனிப்பு பின்னால் வரும், எண்ணெய் கூடியிருந்தால் அண்ணத்தில் படியும் என்பாள். ஊரெல்லாம் காய்ச்சலில் படுத்த வருஷம் அவளும் படுத்தாள். எழுந்தபோது நாக்கும் மூக்கும் எழவில்லை. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அவளுக்கு வரவே இல்லை. இராஜாங்கத்துக்குக் குழம்பு காட்டிக்கொடுத்தது. அவனைத் தவிர வேறு யாருக்கும் அவள் சொல்லவில்லை.

ஆனால் இன்னொருவனுக்கும் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து மினி லாரியில் கருவாட்டுத் தூளும் மத்தி எண்ணெயும் கொண்டுவருகிற ஜாஃபர் சாதிக்குக்கு. ஒருநாள் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த பழைய டிரம்மை அவன் தவறிப்போய் அவள் முன்னால் திறந்துவிட்டான். கோடை முழுக்க வெயிலில் நின்று காறிப்போன எண்ணெய். மூடியைத் தூக்கியதும் அவனுக்கே குமட்டியது. அம்சவல்லி குனிந்து, வழக்கம்போல மூச்சை இழுத்தாள்.

"நல்லாருக்கு பாய். நேத்து காய்ச்சுனதா?"

ஜாஃபர் மூடியை அவசரப்படாமல் திருகி மூடினான். "இது வேற ஆளோடது அக்கா. உங்களுது உள்ள இருக்கு, எடுத்தாறேன்." அதன் பிறகு அவன் எந்த டிரம்மை இறக்கினாலும், "நான் மோந்து பாத்துட்டேங்க்கா, நீங்க செரமப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறான். அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆக, நாக்கு போன பிறகுதான் கை குளத்துக்குள் போனது. இரண்டு விதமாகப் பிசைந்து, ஒன்றை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் வைத்து நீட்டுவாள். மாவு தூக்கலான பிடியைக் கெளுத்திகள் மீசையால் தடவிவிட்டு விலகிப் போயின. எண்ணெய் தூக்கலான பிடிக்கு முண்டியடித்தன. அவள் அதைப் பதிலென்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் எண்ணெயை ஒரு கரண்டி கூட்டினாள். அதற்கும் முண்டியடித்தன. எது பிடிக்கும் என்ற கேள்வியையும் எது வேண்டும் என்ற கேள்வியையும் ஒரே நாக்கிடம் கேட்டால், அது ஒரே பதிலைத்தான் சொல்லும். அம்சவல்லிக்கு இது தெரியாததல்ல; தன் நாக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். மீன் நாக்கு மனுஷ நாக்கைவிட நேர்மையானது என்று நம்பியதுதான் பிசகு.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இராஜாங்கத்துக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ருசி தெரியுது."

"அடி சக்கை. நாக்கு வந்துடுச்சா?"

"நாக்குல இல்ல." முழங்கைக்குக் கீழே தடவிக்காட்டினாள். "இந்தா, இங்க. அதுங்க வந்து ஒரசும்போது இங்க தெரியுது. மாவு திங்கும்போது சப்புனு இருக்கு. எண்ணெ வந்தா இனிக்குது."

இராஜாங்கம் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. கைத்தோலை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், புது வளையல் போட்டுக்கொண்டவளைப் போல.

அன்றிலிருந்து அவன் ஒன்றைக் கவனித்து வருகிறான். எதையாவது யோசிக்கும்போது அம்சவல்லியின் வாய் தானாகத் திறக்கிறது. ஒரு தடவை திறந்து, காற்றை விழுங்கி, மூடிக்கொள்கிறது. கெளுத்தி மேலே வந்து காற்று குடித்துவிட்டுப் போகும்போது செய்வது அதைத்தான். அவன் இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்பதைவிட, சொன்ன பிறகும் நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

குளம் இருக்கும் இடம் முன்பு வயலாக இருந்தது. இராஜாங்கத்தின் அப்பா யாருக்கோ கூலிக்கு நாற்று நட்ட வயல். கடைசிக் காலத்தில் அவர் பெயருக்கே வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு வந்த முதல் மண். அதைத் தோண்டலாம் என்றவள் அம்சவல்லி. வெட்டிய மேல்மண் செங்கல் சூளைக்குப் போனது. மீன் நின்றால்தான் அது குளம். மீன் போய்விட்டால் நெல்லும் அங்கே திரும்பி வராது. தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் மிஞ்சும். இதை இராஜாங்கம் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நேராகச் சொல்லிப் பழகாதவன் என்று முன்பே சொன்னோம். டிராக்டரை வேறு யாருடைய வயலிலோ ஓட்டிவிட்டு வந்து, குளத்துக் கரையில் நின்று கால் சேற்றைக் கழுவிக்கொள்ளும்போது மட்டும் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்வான்.

புரட்டாசியில் மீன்கள் கண்ணுக்கு அழகாக இருந்தன. வயிறு உருண்டு, முதுகு மினுங்கி, கையில் எடுத்தால் கனமாக. குளம் மட்டும் அமைதியாகிக்கொண்டே வந்தது. காற்று குடிக்க மேலே வருகிறவை மெதுவாக வந்தன, மெதுவாகவே இறங்கின. பிறகு ஒன்றிரண்டு இறங்காமலே கிடந்தன. காலையில் கரையோரம் வெள்ளை வயிறுகள் ஒதுங்க ஆரம்பித்தன. உடம்பில் புண் இல்லை, கீறல் இல்லை. தின்று கொழுத்துச் செத்த முகம். அம்சவல்லி கேட்டுப் பார்த்தாள். உள்ளே கையை விட்டால் அப்போதும் வந்தன, உரசின, கை இனித்தது.

சுடர்விழியைக் கூப்பிட்டு வந்தவன் இராஜாங்கம்தான். பக்கத்துத் தெருப் பெண், மீன்வளம் படித்துவிட்டுச் சுற்றுவட்டாரக் குளங்களைப் பார்த்துவருகிறாள். அம்சவல்லி அவளுக்கு அத்தை முறை. கரையில் கிடந்ததை விட்டுவிட்டு உயிரோடு இருந்த ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, கொட்டகையில் அரிவாள்மனையில் வைத்து வயிற்றைத் திறந்தாள். குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு, திரி திரித்து வைத்தது போல. செம்பழுப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது. விரலால் தொட்டாள், வெண்ணெய் மாதிரி குழைந்து விரலோடு வந்தது.

"எண்ணெ எவ்வளவு போடுறீங்கத்தை?"

அம்சவல்லி சொன்னாள்.

"அது கூடுதல்தான். ஆனா இந்த அளவுக்கு ஈரல் போகாதே." சுடர்விழி தவிட்டு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். கையை விரித்தபோது தவிடு உதிராமல் கொழுக்கட்டை போல நின்றது. உள்ளங்கை பளபளத்தது. "இது புழுங்கல் தவிடுல்ல?"

"ஆமா. பச்சரிசித் தவிடு கெடைக்கலன்னு மில்லுல இதக் கொடுத்தாங்க. சித்திரையிலேருந்து இதான்."

"இதை எந்தக் கணக்குல சேத்தீங்க? மாவுக் கணக்கிலயா, எண்ணெக் கணக்கிலயா?"

அம்சவல்லி மூட்டையைப் பார்த்தாள். தவிட்டை எண்ணெய்க் கணக்கில் வைப்பார்கள் என்று அந்த ஊரில் யாருக்குத் தோன்றும். மாட்டுக்கும் கோழிக்கும் போடுவது, நெல்லின் மேல்தோல். ஆனால் நெல்லைப் புழுக்கும்போது எண்ணெய் வெளிப்பக்கமாக ஏறித் தவிட்டோடு வந்துவிடுகிறது. மூக்கு இருந்த காலத்தில் மூட்டையைப் பிரித்த உடனே அவளுக்குத் தெரிந்திருக்கும். எண்ணெய்க்குள்ளேயே எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, அது போதுமா என்று குளத்தைக் கேட்டிருக்கிறாள். போதாது என்று குளம் சொல்லியிருக்கிறது.

"நாக்குல வச்சுப் பாத்தாலே தெரியுமேத்தை. நீங்க வச்சுப் பாப்பீங்களே?"

"அதுங்கதான் கேட்டுச்சு" என்றாள் அம்சவல்லி.

சுடர்விழி இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவன் தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் தவிட்டை மூட்டையிலேயே உதறிவிட்டு எழுந்தாள். "தீவனத்த சுத்தமா நிறுத்திடுங்க. உள்ள இருக்கறத அதுங்களே எரிச்சுத் தீக்கட்டும். நான் வந்து இன்னொண்ணை அறுத்துப் பாத்துச் சொல்ற வரைக்கும் ஒரு பிடி போடக் கூடாது. இதுல பாவம் பாத்தீங்கன்னா மொத்தக் குளமும் போயிடும்." கிளம்பும்போது கை கழுவக் குளத்தில் குனிந்தாள். நுனிவிரல் தண்ணீரில் பட்டதும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அடிபம்புக்குப் போய்க் கழுவினாள். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. கைகிட்ட நெறைய இருந்துச்சு" என்றாள்.

நிறுத்திய முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் அம்சவல்லி கரையில் நடந்தபோது தண்ணீரில் ஒரு சுருக்கம் கூடவே நடந்தது. அவள் நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது. பிறகு வாய்கள் மேலே வந்தன. கண் தெரியாது, உடம்பு தெரியாது. தண்ணீர் மட்டத்தில் வட்ட வட்டமாகத் திறந்து மூடும் வாய்கள் மட்டும். காற்று குடிக்கும் சத்தம் அத்தனையும் சேர்ந்தபோது, பக்கத்து அறையில் கூட்டமாக மெல்லப் பேசிக்கொள்வது போலிருந்தது. அவள் எதிர்க்கரை வழியாகப் போய்ப் பார்த்தாள். தலையில் இராஜாங்கத்தின் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாள். அவனையே தனியாக நடக்கச் சொன்னாள். அவனுக்கு ஒரு வாய்கூட எழவில்லை.

"என்னைய அதுங்க பாக்கல" என்றான் அவன். "உன்னையத்தான்டி பாக்குது."

"இந்தக் கலங்கல்ல அதுங்களுக்குக் கண்ணு தெரியாது."

"அதான் சொல்றேன்."

வீட்டுக்குள் இருக்கும்போது அவள் வலது கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். சோறு போட்டால் இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். பசிக்குதா என்றால் பசிக்குது என்பாள். தின்னேன் என்றால், எனக்கில்லை என்பாள். எனக்கில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. விடியும்போது தூறலாக இருந்தது. அம்சவல்லி கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நாட்டுக் கெளுத்திக்குத் தரையில் ஊர்ந்துபோகத் தெரியும் என்பதால் குளத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்கு நைலான் வலை கட்டியிருந்தார்கள். எல்லாக் குளத்திலும் கட்டுவதுதான். மழை ஈரத்தில் கரைச் சேற்றின் மேல் ஊர்ந்து ஏறி, நூற்றுக்கணக்கில் வலையின் ஒரு பக்கத்தில் மட்டும் மோதிக் கிடந்தன. வாய்க்கால் பக்கம் ஒன்றுகூட இல்லை. தப்பிப்போக வேண்டுமானால் அந்தப் பக்கம்தான் போயிருக்க வேண்டும். எல்லாத் தலைகளும் வீட்டைப் பார்த்து இருந்தன. மீசைகள் வலைக்கண் வழியே வெளியே வந்து, ஈரக் காற்றில் எதையோ தடவிக்கொண்டிருந்தன.

அவள் வலைக்குள் போய் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட ஆரம்பித்தாள். கெளுத்தியின் பக்க முள் குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும். அவளை ஒன்றும் குத்தவில்லை. கைக்கு வந்ததும் அடங்கி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டன. விட்டதும் அதே இடத்திலிருந்து ஏற ஆரம்பித்தன. எடுத்தவற்றில் வயிறு வற்றி எலும்பு தட்டியவையும் இருந்தன. உருண்டையாகவே இருந்தவையும் இருந்தன. தூறல் நிற்கும்வரை எடுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இராஜாங்கம் கொட்டகைக்குள் போய் வாளியோடு வந்தான். பழைய தீவனம், அடியில் மிச்சமிருந்தது. கிண்டலெல்லாம் அவன் குரலை விட்டுப் போயிருந்தது.

"ஒரு கை போட்டுடு அம்சா. பாக்க முடியல."

"அந்தப் பொண்ணு வந்து பாக்கட்டும்."

"ஒரே ஒரு கை. அதுங்க கேக்குதுல்ல."

"அதுங்க கேக்கும்" என்றாள். "கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."

வாளியை அவன் கரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். அம்சவல்லி சேற்றிலேயே தண்ணீர் ஓரமாக உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே வாய்கள் அரைவட்டமாகக் கூடின. முன்வரிசை கரையேறி, அவள் கால்விரல்களில் மீசையை வைத்தது. வலது கை மடியிலிருந்து எழுந்து வாளிப் பக்கம் பாதி தூரம் போனது. போகிற கையை யாருடையதோ என்பது போல அவள் பார்த்தாள். பிறகு அதை இழுத்துத் தொடைக்கு அடியில் செருகினாள். இடது கையையும் செருகினாள். உடம்பின் முழு பாரத்தையும் இறக்கி அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.